பழைய டொயோட்டா டகோமாவுக்கு லிஃப்ட் போடுவது, டயர் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து வண்டியை உயர்த்துவது. பழைய பிக்கப் வாங்கியவர்கள் அதைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" கேள்வியே தலைகீழ். முதலில் எந்த டயர் என்று முடிவு செய்யுங்கள். அந்த டயர் எங்கும் உரசாமல் ஓட எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு தூக்கினால் போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆக்ஸில், பால் ஜாயின்ட், பிரேக் என்று எங்கோ ஒன்று விலை கொடுக்கும்.

அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரை விற்ற முதல் தலைமுறை டொயோட்டா டகோமாவை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கும் சாலையில் நிறையக் கண்ணில் படும் வண்டி. உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும், வீட்டு வாசலில் வைத்தே வேலை பார்க்கலாம். முன்பக்கம் இரட்டை ஆர்ம் சஸ்பென்ஷன், அதில் ஷாக் அப்சார்பரையும் சுருள் ஸ்பிரிங்கையும் ஒன்றாகக் கோத்த காயில் ஓவர். பின்பக்கம் முழு ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங், டிரம் பிரேக். ஃபோர் வீல் டிரைவ் மாடலுக்கும், அதே உயரத்தில் டூ வீல் டிரைவாக வந்த பிரீரன்னருக்கும் இங்கே சொல்வது பொருந்தும். இரண்டுக்கும் சக்கரத்தில் 6 நட் இருக்கும். 5 நட் போட்ட தாழ்வான டூ வீல் டிரைவ் மாடலின் முன் சஸ்பென்ஷன் வேறு. அதற்கு இங்கே சொல்லும் லிஃப்ட் கிட் எதுவும் சேராது.

முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் படுங்கள்

கிட் ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் ஒரு டார்ச், ஒரு சுத்தியல், ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இந்த மாடலின் பெரிய வியாதி சேஸிஸ் துரு. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளில் சேஸிஸ் உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே கருப்பு பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதம் மாதிரி இருக்கும். 2008-இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸிஸுக்கு 15 ஆண்டு வாரண்டி நீட்டிப்பு கொடுத்தது. ஓட்டை விழுந்த வண்டிகளை சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிரச்சினை அவ்வளவு பெரிது. அந்த வாரண்டி காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி அது உங்கள் பாடு.

சுத்தியலால் சேஸிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாக வரும், துருப் பொடி கொட்டும். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட், அதற்குச் சற்று முன்னால் உள்ள சேஸிஸ் பகுதி, ஸ்டெப்னி தொங்கும் இடம் ஆகியவற்றை விசேஷமாகப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் லிஃப்ட் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் வெல்டிங் தெரிந்த நல்ல ஆளைப் பாருங்கள்.

அடுத்தது லோயர் பால் ஜாயின்ட், அதாவது கீழ் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் ஆளைக் கவிழ்க்கக்கூடிய பாகம் இதுதான். பெரும்பாலான வண்டிகளில் வண்டியின் எடை பால் ஜாயின்ட்டை அதன் கிண்ணத்துக்குள் அழுத்தும். டகோமாவில் அப்படியல்ல. ஸ்பிரிங் கீழ் ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த ஆர்ம் பால் ஜாயின்ட்டின் தண்டைக் கிண்ணத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. தேய்மானம் ஒரு அளவைத் தாண்டியதும் தண்டு கழன்று வந்துவிடும், சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போய்விடும். 2001 முதல் 2004 வரை வந்த டகோமாக்களை இந்தக் காரணத்துக்காகவே டொயோட்டா 2005-இல் திரும்ப அழைத்தது.

லிஃப்ட் போடும்போது கீழ் ஆர்ம் இன்னும் சாய்வாக நிற்கும், டயரும் கனம் கூடும். ஆகவே என் கணக்கில் லோயர் பால் ஜாயின்ட் மாற்றுவது லிஃப்ட் வேலையின் ஒரு பகுதி, தனி ரிப்பேர் அல்ல. டொயோட்டாவின் அசல் பாகத்தையே வாங்குங்கள், கூடவே நான்கு புது போல்ட்டும். இதில் மட்டும் விலை குறைந்த பிராண்டைத் தேடாதீர்கள். ஸ்டியரிங் ராடு மாட்டும் கையும் இதோடு ஒரே வார்ப்பாக வருவதால் இடதும் வலதும் வேறு வேறு. ஆர்டர் போடும்போது இரண்டு பக்கத்துக்கும் சரியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, கீழ் ஆர்மின் உள்முனையில் உள்ள கேம் போல்ட்டுகள். வீல் அலைன்மென்ட் செய்பவர் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்னே பின்னே சாயும் கோணம்) இரண்டையும் இவற்றைத் திருகித்தான் சரிசெய்வார். பழைய வண்டியில் இவை ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டைத் தளர்த்திவிட்டு போல்ட்டைத் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் தப்பித்தீர்கள். சுற்றவில்லையென்றால் அறுத்தெடுத்துப் புது போல்ட், புது புஷ் போட வேண்டும். இதை லிஃப்ட்டுக்குப் பிறகு அலைன்மென்ட் கடையில் போய்க் கண்டுபிடித்தால் செலவு இரட்டிப்பு.

டயர்: உயரம், அகலம், கனம்

டயர் அளவைப் படிப்பது சுலபம். 265/70 ஆர் 16 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். ரிம்மையும் மேலே கீழே இரண்டு பக்கச் சுவரையும் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 777 மில்லிமீட்டர், அதாவது 30.6 அங்குலம். 2001-க்குப் பிறகு ஆஃப் ரோடு பேக்கேஜோடு வந்த டகோமாக்களில் கம்பெனி போட்டது இந்த அளவுதான். அதற்கு முந்தையவற்றில் 31x10.50 ஆர் 15 வந்தது. அதுவும் ஏறத்தாழ இதே உயரம்.

இங்கிருந்து மேலே போக மூன்று அளவுகளைத்தான் யோசிக்க வேண்டும்.

265/75 ஆர் 16: 31.6 அங்குலம். இரண்டரை அங்குல லிஃப்ட்டோடு அநேகமாக எல்லா வண்டியிலும் உட்கார்ந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்ஃபிளாப்பிலோ சக்கர வளைவின் பின்புற விளிம்பிலோ லேசாகத் தொட்டால் கொஞ்சம் வெட்டிவிட்டால் தீர்ந்தது.

235/85 ஆர் 16: 31.7 அங்குலம். உயரம் அதே, அகலம் 30 மில்லிமீட்டர் குறைவு. ஒல்லியாக இருப்பதால் உரசல் குறைவு, ஸ்டியரிங் இலகு, பனியிலும் சேற்றிலும் அடித்தரையைத் தேடிப் போய்ப் பிடிக்கும். பார்வைக்குச் சைக்கிள் டயர் என்று கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். வேலைக்கும் தூரப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இந்த அளவைத்தான்.

285/75 ஆர் 16: 32.8 அங்குலம். எல்லோருடைய ஆசையும் இதுதான், தலைவலி தொடங்குவதும் இங்கேதான். சக்கரத்துக்குப் பின்னால் கேபினைத் தாங்கும் மவுன்ட்டின் மூலையை அறுத்து, தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். அங்குள்ள தகட்டு விளிம்பைச் சுத்தியலால் மடக்க வேண்டும், பம்பரின் கீழ் பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும். இந்த டயருக்கு டயர் கம்பெனிகள் சொல்லும் குறைந்தபட்ச ரிம் அகலம் 7.5 அங்குலம். டகோமாவின் அசல் ரிம் 7 அங்குலம்தான். ஆக ரிம்மும் மாற்ற வேண்டும்.

உயரம் கூடினால் கியர் கணக்கும் மாறும். 265/70-லிருந்து 265/75 போனால் சுற்றளவு சுமார் 3.4 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 60 மைல் காட்டும்போது நீங்கள் 62-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 285/75 போட்டால் 7 சதவீதத்துக்கு மேல். மீட்டரில் 60, சாலையில் 64-ஐத் தாண்டியிருப்பீர்கள். போலீஸ்காரர் சீட்டு கிழிக்கும்போது இந்த விளக்கம் எடுபடாது. ஆக்ஸிலில் 4.10 கியர் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்றுச் சுற்றும்) இருந்தால், 285/75 போட்டபின் அது 3.82 போட்டது போல இழுக்கும். 3.4 லிட்டர் வி6 முக்கி முனகி மலை ஏறிவிடும். 2.7 லிட்டர் நாலு சிலிண்டருக்கு மூச்சு வாங்கும். முன்னும் பின்னும் 4.56 அல்லது 4.88 கியர் மாற்றினால்தான் பழைய சுறுசுறுப்பு திரும்பும். அந்தச் செலவு மொத்த லிஃப்ட் கிட்டின் விலையைத் தொட்டுவிடும்.

அடுத்து லோடு ரேஞ்ச். டயரின் பக்கத்தில் சி, டி, இ என்ற எழுத்து இருக்கும். இ என்றால் 80 பிஎஸ்ஐ வரை காற்றுத் தாங்கும் தடித்த டயர், கனமான லாரிகளுக்கும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் உரியது. டகோமா அப்படியொன்றும் கனமான வண்டி அல்ல. இ டயர் போட்டால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். ஒரு டயரின் எடையும் 50 பவுண்டைத் தாண்டும், பிரேக் பிடிக்கும்போது அந்தக் கனம் காலில் தெரியும். நீங்கள் விரும்பும் அளவில் சி கிடைத்தால் அதை எடுங்கள். கூரான கற்கள் நிறைந்த பாதையில்தான் ஓட்டம் என்றால் மட்டும் இ. 235/85 அளவில் பெரும்பாலும் இ-தான் வரும், அது அந்த அளவின் ஒரே குறை.

பட்டன் (டிரெட்) அமைப்பைப் பொறுத்தவரை ஆல் டெரெய்ன் போதும். மட் டெரெய்ன் டயர் நெடுஞ்சாலையில் ஊளையிடும், மழையில் வழுக்கும், சீக்கிரம் தேயும். வாரம் ஒரு நாள் சேற்றில் இறங்குபவருக்கே அது நியாயம். பிஎஃப் குட்ரிச் ஆல் டெரெய்ன், டோயோ ஓபன் கன்ட்ரி, ஃபால்கன் வைல்ட்பீக் மூன்றுமே நல்ல பெயர் எடுத்தவை. இவற்றில் எதற்குத் தள்ளுபடி கிடைக்கிறதோ அதை எடுங்கள். பனி விழும் ஊரென்றால் பக்கச் சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடாமல் இருக்க பக்கச் சுவரில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

எந்த லிஃப்ட்

என் பரிந்துரை முன்னால் இரண்டரை அங்குலம், பின்னால் இரண்டு அல்லது இரண்டரை. மூன்றைத் தாண்டினால் முன் ஆக்ஸிலில் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட் கூர்மையான கோணத்தில் சுழன்று ரப்பர் பூட் கிழியும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கின் மேல் இடிக்கும், அலைன்மென்ட் சரியான அளவுக்கு வராது. அதற்கெல்லாம் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டும், செலவு வேறு தளத்துக்குப் போய்விடும்.

முன்பக்கம் மூன்று வழிகள். பழைய ஷாக்குக்கு மேல் ஓர் இரும்புத் துண்டு வைப்பது முதல் வழி. மலிவானது. ஆனால் தேய்ந்த ஷாக்கும் தளர்ந்த ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கும், பழைய வேட்டிக்குப் புது ஜரிகை மாதிரி. இரண்டாவது, பில்ஸ்டைன் 5100 மாதிரி உயரம் மாற்றக்கூடிய ஷாக். அதன் உடலில் வரிசையாகக் காடி இருக்கும், ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை மேல் காடியில் மாட்டினால் வண்டி உயரும். மூன்றாவது, ஓல்டு மேன் ஈமு போன்ற முழுப் புது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு மூன்றாவதுதான் சரி. ஸ்பிரிங் வாங்கும்போது முன்னால் இரும்பு பம்பரோ வின்ச்சோ வைக்கப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்பார். எதிர்காலக் கனவைச் சொல்லாமல் இன்று வண்டியில் இருப்பதைச் சொல்லுங்கள். கனமான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் முன்பக்கம் தவளை மாதிரி குதிக்கும்.

ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். ஷாக்கின் கீழ்முனை சக்கரத்திலிருந்து தள்ளி, கீழ் ஆர்மின் ஏறத்தாழ நடுவில் மாட்டியிருக்கிறது. அதனால் ஷாக்குக்கு மேல் அரை அங்குலம் வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும். இது தெரியாமல் "இரண்டரை வேண்டும்" என்று இரண்டரை அங்குலத் துண்டை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைக்கலாம், லீஃப் ஸ்பிரிங் கட்டுக்குள் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கலாம், அல்லது முழுக்கட்டையும் மாற்றலாம். முதல் தலைமுறை டகோமாவின் அசல் கட்டு இந்நேரம் தட்டையாகிப் போயிருக்கும். காசிருந்தால் முழுக்கட்டு. இல்லையென்றால் ஒரு பட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாக் மேல் இன்னொரு பிளாக் அடுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு முந்தைய வாரம்

தினம் ஒரு முறை எல்லாப் போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். மூன்று நாள் ஊறிய போல்ட்டுக்கும் ஊறாத போல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும். சாமான்: நல்ல ஃப்ளோர் ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட் நான்கு, அரை அங்குல சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், மூன்று பவுண்டு சுத்தியல், பால் ஜாயின்ட் புல்லர், நெம்ப ஒரு கம்பி, வெள்ளை பெயின்ட் பேனா. இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. புது காட்டர் பின் (நட் கழலாமல் பூட்டும் கம்பி), புது யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டுவது), லீஃப் ஸ்பிரிங்கின் புஷ்ஷும் போல்ட்டும் கைவசம் இருக்கட்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பது இந்த மாடலின் சுபாவம். பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கம், ஓட்டுபவரும் அந்தப் பக்கம். வித்தியாசம் அரை அங்குலம் என்றால் டிரைவர் பக்க ஷாக்குக்கு மேல் கால் அங்குலத் தகடு ஒன்று சேர்த்தால் நேராகிவிடும்.

முன்பக்கம்

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். ஜாக் ஸ்டாண்ட் சேஸிஸுக்கு அடியில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை வைக்க வேண்டாம். ஏறியதும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள், விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

சக்கரங்களைக் கழற்றுங்கள். வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பை இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மறுபக்கம் மல்லுக்கு நிற்கும். ஸ்டியரிங் ராடின் முனையில் காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, புல்லரால் விடுவியுங்கள். கவட்டைக் கம்பி விட்டு அடித்தால் ரப்பர் கிழியும், அந்த ரப்பர் உங்களுக்கு இன்னும் வேண்டும்.

இப்போது கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை லேசாக முட்டுக் கொடுத்துவிட்டு, பால் ஜாயின்ட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) பிணைக்கும் நான்கு போல்ட்டையும் கழற்றுங்கள். நக்கிள் மேல் ஆர்மில் தொங்கும். அதை வெளியே ஆட விடாமல் கயிற்றால் கட்டி வையுங்கள். வெளியே சாய்ந்தால் சிவி ஆக்ஸில் உள் ஜாயின்ட்டிலிருந்து உருவிக்கொள்ளும், பிரேக் ஹோஸும் இழுபடும். ஜாக்கியை மெதுவாக இறக்கினால் கீழ் ஆர்ம் தாழ்ந்து இடம் கொடுக்கும். ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவுங்கள். மேலே மூன்று சிறிய நட்டுகள் வட்டமாக இருக்கும், அவற்றை எடுத்தால் மொத்த செட்டும் கையோடு வந்துவிடும்.

அந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். அதைத் தொடவே கூடாது. சுருள் ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருப்பது அந்த ஒரே நட்தான். கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டாகப் பாயும்.

பழைய ஸ்பிரிங்கையே புது ஷாக்கில் மாட்டுவதாக இருந்தால், மேல் தட்டின் மூன்று போல்ட்டும் கீழ்க் கண்ணும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பெயின்ட் பேனாவால் குறித்துக்கொண்டு, செட்டைப் பக்கத்து டயர் கடைக்கோ மெக்கானிக்கிடமோ கொண்டுபோங்கள். சுவரில் பொருத்திய கம்பிரசரில் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார்கள். கடன் வாங்கிய கொக்கி மாதிரியான ஸ்பிரிங் கம்பிரசரில் வீட்டில் முயல்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எல்லாம் கோத்தே வரும் செட்டை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

கீழ் ஆர்மிலிருந்து பழைய பால் ஜாயின்ட்டை எடுக்க, கீழே உள்ள பெரிய நட்டைக் கழற்றி, ஆர்மின் பக்கவாட்டில், தண்டு நுழைந்திருக்கும் இடத்தில், சுத்தியலால் நாலு பலமான அடி. தண்டு தானாக விடுபடும். புதியதை வைத்து, நட்டை இறுக்கி, காட்டர் பின் போடுங்கள். பின்னுக்கு ஓட்டை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

புது காயில் ஓவரை மேலே நுழைத்து மூன்று நட்டையும் கையால் மாட்டுங்கள். கீழ்க் கண்ணில் போல்ட்டைச் செருகுங்கள். அடம் பிடித்தால் கம்பியால் ஆர்மைக் கீழே நெம்ப ஓர் ஆள் துணை வேண்டும். பிறகு கீழ் ஆர்மை ஜாக்கியால் ஏற்றி, பால் ஜாயின்ட்டை நக்கிளோடு சேர்த்து நான்கு புது போல்ட்டையும் போடுங்கள். அவற்றுக்கு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) 59 பவுண்டு-அடி, அதாவது 80 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சில் 'கிளிக்' கேட்டதும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். பின்னாளில் ஒரு பார்வையிலேயே தளர்ந்ததா இல்லையா என்று தெரியும். ஷாக்கின் கீழ் போல்ட்டை மட்டும் இப்போது முழுக்க இறுக்காதீர்கள். வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்கினால்தான் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியாது. மற்ற டார்க் அளவுகளை உங்கள் வருடத்துக்கான சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டோடு முன் டிஃபரன்ஷியலை ஓர் அங்குலம் இறக்கும் துண்டுகள் வரலாம். சிவி கோணத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான், இரண்டரை அங்குலத்துக்கு அவசியம் என்று சொல்ல மாட்டேன். பூட் கிரீஸ் கசிந்தால் அப்போது போட்டுக்கொள்ளலாம்.

பின்பக்கம்

முன்பக்கத்தைவிட இது எளிது, துரு மட்டும் குறுக்கே வராவிட்டால். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலின் நடுக்குண்டுக்கு அடியில் ஜாக்கி. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள். மறுபக்கம் கட்டியே இருந்தால் ஆக்ஸில் இடம் மாறாது.

ஷாக்கைக் கழற்றி, யூ போல்ட்டுகளை எடுத்து, ஸ்பிரிங் தளரும்வரை ஆக்ஸிலைத் தாழ்த்துங்கள். இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஆக்ஸிலின் காற்றுக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றின் மேலும் கண் இருக்கட்டும். பிறகு பின்னால் ஷாக்கிள் போல்ட்டுகள், முன்னால் பிராக்கெட் போல்ட். முன் போல்ட் புஷ்ஷுக்குள் இறுகியிருந்தால் அடித்து மணிக்கணக்கில் போராடாமல் ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். டிரைவர் பக்கம் பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கிரைண்டர் தீப்பொறியோ கேஸ் டார்ச்சோ வேண்டாம்.

புதுக் கட்டைப் பழையதன் பக்கத்தில் தரையில் வைத்துப் பாருங்கள். நடு போல்ட் சரிபாதியில் இருக்க வேண்டும் என்பதில்லை, எந்த முனை முன்னால் என்று அப்போதுதான் தெரியும். போல்ட்டுகளில் தாராளமாக கிரீஸ் தடவிக் கோர்த்துவிட்டு, ஆக்ஸிலை ஏற்றி, நடு போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் குழிக்குள் உட்கார்ந்ததா என்று விரலால் தடவி உறுதி செய்யுங்கள். உட்காராமல் யூ போல்ட் இறுக்கினால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். யூ போல்ட் எப்போதும் புதிது. ஒருமுறை இழுபட்டது மறுபடி அந்த இறுக்கத்தைத் தராது. நான்கு நட்டையும் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங்கின் முனைப் போல்ட்டுகளும் தரையில் நின்ற பிறகுதான் இறுக வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சேஸிஸில் ஒரு பிரேக் வால்வும், அதிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு மெல்லிய கம்பியும் போகும். பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை இந்தக் கம்பியின் கோணத்தை வைத்து வால்வு கணிக்கிறது. வண்டியைத் தூக்கியதும் பாரமே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவதும், முன் பிரேக் பேட் சீக்கிரம் தேய்வதும் இதனால்தான். எவ்வளவு தூக்கினீர்களோ அவ்வளவுக்கு ஆக்ஸில் பக்கத்துப் பிராக்கெட்டை உயர்த்தும் துண்டு தனியாகக் கிடைக்கிறது. மலிவானது, கட்டாயம் போடுங்கள்.

நீளமான கேபின் உள்ள மாடல்களில் டிரைவ் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வரும். லிஃப்ட்டுக்குப் பிறகு வண்டி கிளம்பும்போது தரை அதிர்ந்தால், நடு பேரிங்கை ஓர் அங்குலம் இறக்கும் வாஷர்கள் போட்டுப் பாருங்கள்.

தரையில் இறக்கிய பிறகு

வீல் நட் டார்க் 83 பவுண்டு-அடி, நட்சத்திர வரிசையில். வண்டியை முன்னும் பின்னும் நாலு முறை உருட்டி, பம்பரை அமுக்கி உலுக்கி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, தளர்வாக விட்ட போல்ட்டுகளை எல்லாம் இறுக்குங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, டயர் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். சக்கர வளைவின் உள்ளே சாக்பீஸ் தடவி வைத்தால் உரசிய இடம் அப்படியே தெரியும்.

அலைன்மென்ட்டுக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள், ஸ்டியரிங் இப்போது நேராக நிற்காது. அலைன்மென்ட் செய்பவரிடம் கேஸ்டரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாசிட்டிவ் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் கேஸ்டரைக் குறைக்கும், அதனால் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். கேஸ்டர் கூடினால் சக்கரமும் சற்று முன்னால் நகர்ந்து கேபின் மவுன்ட்டில் உரசுவது குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வேலை முடிந்ததும் அளவுகளை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்துக்குக் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இனி செல்லாது. பக்கச் சுவரில் போட்டிருக்கும் எண் உச்ச வரம்பு, அதுவும் உங்களுக்கானது அல்ல. டிரெட்டின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, சமதளத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. இந்தத் தலைமுறை வண்டிகளில் காற்றழுத்த சென்சார் கிடையாது, ஆகவே கேஜ் ஒன்று டேஷ்போர்டு பெட்டியில் இருக்க வேண்டும்.

ஹெட்லைட்டைத் தாழ்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பம்பர் உயரத்துக்கும் லிஃப்ட்டுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 50 மைல் ஓடியதும் வீல் நட், 500 மைலில் யூ போல்ட், பெயின்ட் கோடு போட்ட எல்லாப் போல்ட்டும் மறுபடி ஒரு சுற்று. டயரை 5000 மைலுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது நாலில் ஒன்று சின்னதாக இருந்தால் கியர் பெட்டிக்குக் கேடு. பின்புறச் சரக்குத் தொட்டிக்கு அடியில் ஸ்டெப்னியைத் தூக்கும் செயின் துருப்பிடித்து இறுகியிருக்கும், இறக்கி கிரீஸ் போடுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி உயர்ந்த வண்டிக்கு முன்பக்கம் எட்டாமல் போகலாம். தடித்த பலகைத் துண்டு ஒன்றை வெட்டி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே ஒரு முறை முன் சக்கரம் கழற்றி மாட்டிப் பாருங்கள்.